47 மேல்தாடைகள்: ஹாங்காங்கில் நடந்த ஒரு சோதனையும் அதற்குப் பிந்தைய ஐந்து வருடமும்

உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்த குழந்தைக்குச் சில மாதத்தில் உதட்டைத் தைப்பார்கள். ஒரு வயதை ஒட்டி அண்ணத்தையும், அதாவது வாயின் மேற்கூரையையும், மூடிவிடுவார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஆனால் பாதிக் கதை அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. பதினான்கு, பதினைந்து வயதில் யாரோ பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் அது தெரியவரும். முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும். மூக்கின் அடி பின்னுக்குப் போயிருக்கும். கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு முன்னால் வந்து நிற்கும். கொய்யாக்காயை முன்பல்லால் கடிக்க வராது, கடைவாய்க்குத் தள்ளித்தான் உடைக்க வேண்டும். பார்ப்பவர்கள் "கீழ்தாடை நீண்டுபோச்சு" என்பார்கள். பெரும்பாலும் கீழ்தாடை அதன் பாட்டுக்குத்தான் வளர்ந்திருக்கும். பின்தங்கியது மேல்தாடை.

பல்லுக்குக் கிளிப் போட்டுச் சமாளிக்கும் அளவைத் தாண்டிப் பின்தங்கினால் தாடையையே முன்னால் கொண்டுவர வேண்டும். ஒருபக்க முழுப்பிளவு உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது தேவைப்படும் என்பது 1980களிலிருந்து சொல்லப்படும் கணக்கு. மையத்துக்கு மையம் இது வெகுவாக மாறும். வழிகள் இரண்டு. தாடையை வெட்டி, ஒரே நாளில் வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, ப்ளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கிவிடலாம். அல்லது வெட்டியபின் ஒரு கருவியைப் பொருத்தி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் பொறுமையாக இழுக்கலாம்.

எது மேல் என்ற வாதம் 1990களின் கடைசியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. வாதத்தை விட்டுவிட்டு அளந்து பார்த்தது ஹாங்காங் பல்கலைக்கழகம். 2002 முதல் 2008 வரை நடந்த அந்தச் சோதனையில் 13 வயது முதல் 45 வயது வரையிலான 47 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் மேல்தாடையை 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை முன்னகர்த்த வேண்டியிருந்தது. யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் தீர்மானித்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2018ல் உலகம் முழுக்கத் தேடியபோது இந்தக் கேள்விக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தகுந்த குலுக்கல்முறைச் சோதனையாகக் கிடைத்தது இது ஒன்றுதான். ஆறு கட்டுரைகள் வந்திருந்தன, ஆறும் இதே 47 பேரைப் பற்றியவை.

ஒரு சின்னச் சோதனையை இவ்வளவு விரிவாக எழுத எனக்கு ஒரே காரணம்தான். தாடை அறுவை வெற்றியா தோல்வியா என்ற கேள்விக்கான பதில், எந்த நாளில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தலைகீழாக மாறுவதை இதில் கண்கூடாகப் பார்க்கலாம்.

தழும்பின் வேலை

மேல்தாடை ஏன் பின்தங்குகிறது? பிளவோடு பிறந்ததாலேயே வளரும் சக்தி குறைவாகிவிடுகிறதா, அல்லது நாம் போட்ட தையல் அதைக் கட்டிப்போடுகிறதா? வசதியான நாடுகளில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அங்கே பிளவோடு பிறந்த எல்லோருக்கும் சின்ன வயதிலேயே அறுவை ஆகியிருக்கும், ஒப்பிட ஆள் கிடையாது.

ஆள் கிடைத்த இடங்களில் ஒன்று இலங்கையின் காலி. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் பல்சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் 1980களின் நடுவில் அங்கே போனார். ஒரு தையல்கூடப் போடாத பிளவோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் அங்கே இருந்தார்கள். அவர் தொடங்கிய இலங்கைப் பிளவுத் திட்டத்திலிருந்து 1990ல் வந்த கட்டுரை, ஒருபக்கப் பிளவுள்ள, 13 வயதைக் கடந்த ஆண்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. அறுவையே ஆகாதவர்கள், உதடு மட்டும் தைக்கப்பட்டவர்கள், உதடும் அண்ணமும் மூடப்பட்டவர்கள். அறுவையே ஆகாதவர்களின் மேல்தாடை நன்றாக முன்னால் வளர்ந்திருந்தது. உதடு மட்டும் தைக்கப்பட்டவர்களுக்கு முன்பற்கள் உள்ளே சாய்ந்திருந்தன, தாடை ஓரளவு சரியாகவே இருந்தது. அண்ணமும் மூடப்பட்டவர்களிடம்தான் தாடை தெளிவாகப் பின்தங்கியிருந்தது.

ஆக, அண்ணத்தில் விழும் தழும்புதான் முக்கியக் குற்றவாளி. வளரவேண்டிய எலும்பைப் பின்னாலிருந்து ஒரு தோல்வார் பிடித்து இழுப்பது மாதிரி அது வருடக்கணக்கில் இழுக்கிறது.

இதைப் படித்ததும் "அப்படியென்றால் அண்ணத்தைத் தைக்காமலே விட்டிருக்கலாமே" என்று தோன்றும். அதற்கும் அதே இலங்கைத் திட்டம் பதில் வைத்திருக்கிறது. விடலைப் பருவத்தில்தான் அண்ணம் மூடப்பட்டவர்களின் பேச்சைக் கேட்டு ஆராய்ந்தார்கள். பேச்சு பெரிதாகத் தேறவில்லை. வாய்க்கும் மூக்கிற்கும் நடுவே கதவு இல்லாமலே பேசப் பழகிய நாக்கும் தொண்டையும், பிறகு கதவு வைத்தாலும் பழைய வழியிலேயே பேசின. எனவே ஒரு வயதை ஒட்டி அண்ணத்தை மூடுவது பேச்சுக்காக நாம் தெரிந்தே கொடுக்கும் விலை. அதன் பாக்கி பதினேழு, பதினெட்டு வயதில் தாடை மேல் வந்து நிற்கிறது. பெற்றோரிடம் இதை முதல் அறுவையின்போதே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. பிற்பாடு சொன்னால், முதல் அறுவையை யாரோ தப்பாகச் செய்துவிட்டார்கள் என்ற சந்தேகம்தான் மிஞ்சும்.

வெட்டி நகர்த்துவது

மேல்தாடையை வெட்டும் கோட்டுக்கு லெ ஃபோர் 1 என்று பெயர். ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் பிணங்களின் தலையை அடித்து, முக எலும்பு எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்று பார்த்து 1901ல் எழுதினார். அவர் எழுதியது விபத்து முறிவுகளைப் பற்றி. அவற்றில் கீழ்க்கோடு, அதாவது பல்வேர்களுக்கு மேலே கிடைமட்டமாக ஓடும் கோடு, பிற்காலத்தில் திட்டமிட்டு வெட்டும் கோடாக மாறியது. சூரிச்சில் ஹூகோ ஓப்வேகேசர் 1960களில் அதைத் துணிந்து, தாடை முழுவதையும் தளர்த்தி நகர்த்தும் அறுவையாக வளர்த்தெடுத்தார். இப்படி மொத்தமாகக் கழற்றினால் எலும்பு செத்துப்போகாதா என்ற பயத்தை அமெரிக்காவின் வில்லியம் பெல் குரங்குகளில் செய்த ஆய்வுகள் போக்கின. அண்ணத்தின் மென்தசை வழியாகவும் ஈறு வழியாகவும் வரும் இரத்தமே போதும் என்று அவை காட்டின.

பிளவு இல்லாதவர்களுக்கு இது இன்று அன்றாடம் நடக்கும் அறுவை. வெட்டியதும் தாடை தளர்ந்து கைக்கு வரும். பிளவுள்ளவரிடம் அப்படி வராது. பெல் நம்பச் சொன்ன அந்த அண்ணத் தசையே ஏற்கெனவே அறுத்துத் தைக்கப்பட்டு விறைத்த தழும்பாக இருக்கிறது. இரத்த ஓட்டமும் குறைவு, இழுத்தால் இளகுவதும் குறைவு. எலும்பை இடுக்கி போட்டுப் பிடித்து, முன்னும் பக்கமும் அசைத்து அசைத்துத் தழும்பை நெகிழ்த்த வேண்டும். அவசரப்பட்டால் இரத்தம் கெட்டுப் பல்லும் ஈறும் போகும் அபாயம் உண்டு. ஒன்பது, பத்து வயதில் பல்லீறில் உள்ள பிளவில் இடுப்பெலும்புத் துகளை வைத்து நிரப்பியிருந்தால் மேல்தாடை ஒரே துண்டாக வரும். அது செய்யப்படாமல் விட்டிருந்தால் இரண்டு துண்டு, இருபக்கப் பிளவானால் மூன்று துண்டு. தனித்தனியாக ஆடும் துண்டுகளை ஒன்றாகப் பிடித்து நிறுத்துவது வேறொரு தலைவலி.

சரி, எல்லாம் செய்து பத்து மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவந்து ப்ளேட் போட்டாயிற்று. மறுநாள் வீக்கத்தோடு கண்ணாடி பார்க்கும்போதே முகம் மாறியிருக்கும். ஆனால் பின்னால் அந்தத் தோல்வார் இப்போது முன்னைவிட இறுக்கமாக இருக்கிறது. அது விடாமல் இழுக்கும். தாடை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். பிளவு இல்லாதவர்களைவிடப் பிளவுள்ளவர்களிடம் இந்தப் பின்வாங்கல் அதிகம். எவ்வளவு தூரம் நகர்த்துகிறோமோ அவ்வளவுக்கு அது கூடும் என்பது பொதுவான அனுபவம். தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகவே தள்ளி வைப்பார்கள். இடைவெளி ரொம்பப் பெரிதானால் மேல்தாடையைக் கொஞ்சம் முன்னாலும் கீழ்தாடையைக் கொஞ்சம் பின்னாலும் வைத்துச் சுமையைப் பங்கு போடுவார்கள்.

மெல்ல இழுப்பது

இன்னொரு வழியின் வேர் சைபீரியாவின் குர்கான் நகரில் இருக்கிறது. கால் எலும்பை வெட்டிவிட்டு, இரு முனைகளையும் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்கினால் நடுவே புது எலும்பு ஊறும் என்று கவ்ரில் இலிசரோவ் அங்கே நிறுவினார். 1992ல் நியூயார்க்கில் ஜோசப் மெக்கார்த்தி அதைக் குழந்தைகளின் கீழ்தாடையில் செய்து காட்டினார். 1997ல் சிகாகோவின் பாலியும் ஃபிகெரோவாவும், மண்டையோட்டில் திருகிய வளையத்திலிருந்து கம்பி போட்டுப் பிளவுத் தாடையை முன்னால் இழுக்கும் முறையை வெளியிட்டார்கள். கருவியை வாய்க்குள்ளேயே பொருத்தும் முறையும் உண்டு.

வெட்டும் கோடு ஏறக்குறைய அதேதான், நகர்த்துவது மட்டும் அன்றைக்கே கிடையாது. சில நாள் காத்திருந்து, புண்ணில் திசு முளைவிட்டதும் திருக ஆரம்பிப்பார்கள். பழக்கமான கணக்கு காலையில் அரை மில்லிமீட்டர், மாலையில் அரை மில்லிமீட்டர். சின்னச் சாவி ஒன்றைத் துளையில் நுழைத்து, அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்ப வேண்டும். பல இடங்களில் வீட்டில்தான் இது நடக்கும். அம்மாவோ அக்காவோ டார்ச் அடித்துப் பிடித்துக்கொண்டு திருப்புவார்கள். எத்தனையாவது சுற்று என்று தாளில் கோடு போட்டுக்கொள்ளாவிட்டால் குழப்பம்தான். திருப்பும்போது வலியைவிட ஒரு இறுக்கம்தான் அதிகம் தெரியும். எட்டு மில்லிமீட்டர் என்றால் எட்டு நாள். அதன்பின் அந்தப் புது எலும்பு கெட்டியாகும்வரை இரண்டு, மூன்று மாதம் கருவி அப்படியே இருக்க வேண்டும். பள்ளிக்கும் வேலைக்கும் அதோடுதான் போக வேண்டும்.

இதில் எலும்பு மட்டும் நீள்வதில்லை, தழும்பும் கூடவே நீள்கிறது. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில் தோல்வார் அறுபடாமல் இளகிக்கொடுக்கிறது. பிளவுத் தாடைக்கு இந்த முறை பொருந்தும் என்று எதிர்பார்த்ததே இதனால்தான்.

மூன்று மாதம், 17 மாதம், இரண்டு வருடம், ஐந்து வருடம்

ஹாங்காங் முடிவுகளை அளந்த நாள்களின் வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

மூன்று மாதத்தில் கேட்டிருந்தால் மெல்ல இழுக்கும் முறை தோற்றது என்றுதான் எழுதியிருப்பார்கள். கருவியைக் கழற்றும்வரை, அதாவது ஏறக்குறைய அந்த மூன்று மாதமும், அந்தக் குழுவினருக்கு நாலு பேர் நடுவே தங்களைப் பற்றிய மதிப்பு மற்றக் குழுவைவிடக் குறைந்திருந்தது. ஒரே நாளில் தாடை நகர்ந்தவர்கள் அதற்குள் புது முகத்தோடு வெளியே நடமாட ஆரம்பித்திருப்பார்கள். சிறுவயது முழுக்க முகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப்பட்டே வளர்ந்த ஒருவரிடம், இன்னும் மூன்று மாதம் இன்னொரு கேள்வியை வாயில் மாட்டிக்கொண்டு திரி என்று சொல்வது சின்ன விஷயமில்லை.

17 மாதத்தில் பேச்சைப் பார்த்தார்கள். மூக்கொலியிலோ, மூக்கு வழியே காற்று கசிவதிலோ, அண்ணக்கதவு மூடுவதிலோ இரு குழுவுக்கும் நடுவே புள்ளியியல்படி சொல்லத்தக்க வித்தியாசம் தென்படவில்லை.

இரண்டு வருடத்தில் காற்று திசைமாறியது. வாழ்க்கை மேலான திருப்தி மெல்ல இழுத்த குழுவில் அதிகமாக இருந்தது. எக்ஸ்ரேயில் தாடை முன்னேறியிருந்த அளவிலும் அவர்களே முன்னால் இருந்தார்கள், சராசரியாக 4.4 மில்லிமீட்டர் வித்தியாசம்.

ஐந்தாம் வருடத்து அளவுதான் இந்த ஆய்வின் மையம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மேல்தாடையின் முன்வளைவில் மிக உள்வாங்கிய இடத்துக்கு ஏ புள்ளி என்று பெயர். வெட்டி நகர்த்திய குழுவில் அந்தப் புள்ளி சராசரியாக 2.53 மில்லிமீட்டர் பின்னால் போயிருந்தது. மெல்ல இழுத்த குழுவில் பின்னால் போகவே இல்லை. 2.27 மில்லிமீட்டர் முன்னால் வந்திருந்தது.

இரண்டரை மில்லிமீட்டர் என்றால் மூன்று கிரெடிட் கார்டை அடுக்கிவைத்ததைவிடச் சற்றே அதிகம். ஆனால் முன்பற்கள் கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அளவே சாதாரணமாக இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அந்த இரண்டரை போனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முனைக்கு முனை வந்து நிற்கலாம், பழையபடி கீழ்ப்பல் முன்னாலும் வரலாம்.

தொந்தரவுகள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. கணக்குத் தரப்பட்டவர்களில் மெல்ல இழுத்த 15 பேரில் மூவர், வெட்டி நகர்த்திய 14 பேரில் மூவர். பெரும்பாலும் கடி பழையபடி மாறியதும் வாய்ச்சவ்வில் கிருமித்தொற்றும்தான். யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை.

நான் தயங்கும் இடங்கள்

ஐந்து வருட வித்தியாசம் 4.8 மில்லிமீட்டர். சரிதான், ஆனால் அதன் நம்பக எல்லை 0.41 முதல் 9.19 வரை. உண்மையான வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். முதல் அளவென்றால் யாரும் மூன்று மாதம் கருவியோடு திரிய வேண்டியதில்லை. இரண்டாவதென்றால் வேறு யோசனையே வேண்டாம். காக்ரேன் குழு இந்த ஆதாரத்தின் தரத்தை மிகக் குறைவு என்றே குறித்தது.

முன்னால் வந்த 2.27 மில்லிமீட்டர் எனக்கு உறுத்துகிறது. இழுத்த எலும்பு பின்னால் போகாமல் நிற்பது புரிகிறது, கருவி கழன்றபின் தானே எப்படி முன்னால் போகும்? 13 வயதுப் பிள்ளைகளும் இதில் இருந்திருக்கிறார்கள். கொஞ்சம் வளர்ச்சியும் கணக்கில் கலந்திருக்கலாம். ஏ புள்ளி இருக்கும் எலும்பே அறுவைக்குப் பின் உருமாறக்கூடியது. இந்த முன்னேற்றத்தை விட்டுவிட்டு, பின்வாங்கவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்வதே பத்திரம் என்று நினைக்கிறேன்.

பேச்சு விஷயத்திலும் கவனம் வேண்டும். வித்தியாசம் தென்படவில்லை என்றால் வித்தியாசம் இல்லை என்று அர்த்தமாகாது. இத்தனை குறைந்த பேரில் அதைக் கண்டுபிடிப்பதே கடினம். தாடை முன்னால் போகும்போது அதோடு ஒட்டிய மென்அண்ணமும், அதாவது அந்தக் கதவாக வேலை செய்யும் அண்ணத்தின் பின்பகுதியும், முன்னால் போகிறது. தொண்டையின் பின்சுவருக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. ஏற்கெனவே இழுபறியாக மூடிக்கொண்டிருந்த கதவுக்கு இது போதும், மூடாமல் விட. தமிழில் இது எப்படிக் கேட்கும் என்றால், "பாப்பா" என்பது "மாமா" பக்கம் சாயும். ப, ட, க எல்லாவற்றுக்கும் வாய்க்குள் காற்றை அடைத்து வெடிக்க வேண்டும். கதவு கசிந்தால் அந்தக் காற்று மூக்கு வழியே போய்விடும். மூக்கின் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து "பாப்பா, பாட்டி, பட்டு" என்று சொல்லச் சொன்னாலே பாதி தெரிந்துவிடும். இந்தச் சொற்களில் மூக்கெழுத்து ஒன்றுகூட இல்லை, ஆகவே கண்ணாடி பனிக்கக் கூடாது. அறுவைக்கு முன்பே லேசாகப் பனிப்பவர்தான் அறுவைக்குப் பின் சிக்கலில் மாட்டக்கூடியவர். மறுபக்கம், முன்பற்கள் சரியான இடத்துக்கு வந்ததால் த, ந, ச எல்லாம் தெளிவாகிறவர்களும் உண்டு. ஒரே அறுவையில் ஒரு எழுத்து நன்றாகி இன்னொன்று கெடலாம். பேச்சுப் பயிற்சியாளர் அறுவைக்கு முன்னும் பின்னும் பதிவுசெய்து வைத்தால்தான் இது பிடிபடும். எக்ஸ்ரேயில் இது எதுவும் தெரியாது.

நோயாளிக்குச் சேதி

இந்த ஆய்வை வைத்து எல்லோருக்கும் மெல்ல இழுப்பதே நல்லது என்று சொல்லிவிட மாட்டேன். நாலைந்து மில்லிமீட்டர் போதும், தழும்பு இளக்கமாக இருக்கிறது, வளர்ச்சி நின்றுவிட்டது, பல்லீறுப் பிளவும் நிரப்பியாயிற்று என்றால் ஒரே நாளில் நகர்த்துவதே எளிது. எட்டு, பத்து என்று போனாலோ, அண்ணம் பலமுறை அறுக்கப்பட்டு மரக்கட்டை மாதிரி இருந்தாலோ கருவியின் பக்கம் சாய்வேன். அந்த மூன்று மாதத்தில் பரீட்சை இருக்கிறதா, கல்யாணப் பேச்சு இருக்கிறதா, வாரம் தவறாமல் மருத்துவமனைக்கு வர பஸ் வசதி இருக்கிறதா என்பதும் மில்லிமீட்டருக்கு நிகரான கேள்விகள். மூக்கைத் திருத்த அவசரப்படுகிறவர்களிடம் தாடைதான் முதலில், மூக்கு கடைசியில் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். தாடை நகர்ந்தால் மூக்கின் அடித்தளமே நகரும், அதற்கு முன் செய்த வேலை வீண்.

ஹாங்காங் சோதனையில் இன்னொன்றும் கவனித்தேன். ஆறு கட்டுரைகளில் எல்லாவற்றிலுமே 47 பேரின் கணக்கும் முழுதாக வரவில்லை.  தொந்தரவுக் கணக்கில் 15ம் 14ம் சேர்த்து 29தான். ஒழுங்காகத் திட்டமிட்ட ஒரு பல்கலைக்கழகச் சோதனையிலேயே ஆட்களைத் தொடர்ந்து பார்ப்பது இவ்வளவு கடினம். நம் ஊர்களில் கிளிப் கழற்றியதும் பெரும்பாலானோர் வருவதை நிறுத்திவிடுவார்கள். நன்றாக இருப்பவருக்கு வரத் தேவையில்லை, தாடை பின்வாங்கியவர் வேறு மருத்துவரைத் தேடிப் போயிருப்பார். மேஜையில் விரித்துக் காட்டப்படும் 'அறுவைக்கு முன்', 'அறுவைக்குப் பின்' போட்டோக்களில் அந்த 'பின்' எப்போது எடுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்றுதான் பதில் வரும். ஐந்து வருடத்துக்கு முன் செய்தவர்களில் எத்தனை பேருடைய எக்ஸ்ரே இப்போது கையில் இருக்கிறது என்று அடுத்துக் கேட்கலாம்.